சிம்பாவே பண்ணிக்கிச்சு

'ஓ மை டாக்' படத்தை நான் முழுசாக ஏழு தடவை பார்த்திருக்கிறேன். இப்படிச் சொல்லிக்கொள்ளக்கூடிய ஆட்கள், அந்தப் படத்தின் எடிட்டரை விட்டுவிட்டால், தமிழில் அதிகம் இருக்க மாட்டார்கள். வீட்டில் ஆறு வயதில் ஒரு பெண் இருந்தால் எந்தப் படத்தை எத்தனை தடவை பார்ப்பது என்பது நம் கையில் இல்லை. பெற்றவர்களுக்குத் தெரியும்.

பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாக. 2022 ஏப்ரல் 21-ஆம் தேதி நேரடியாக அமேசான் பிரைமில் வந்த படம். சூர்யா, ஜோதிகாவின் 2டி நிறுவனம் அமேசானோடு நான்கு படங்களுக்கு ஒப்பந்தம் போட்டது. 'ராமே ஆண்டாலும் ராவணே ஆண்டாலும்', 'உடன்பிறப்பே', 'ஜெய் பீம்' மூன்றும் 2021-லேயே வந்துவிட்டன. கடைக்குட்டியாக வந்தது இது. 'ஜெய் பீம்' பற்றி என் நண்பர்களில் கட்டுரை எழுதாதவர் கிடையாது. கடைக்குட்டியை ஒருத்தரும் சீண்டவில்லை. சரோவ் சண்முகம் இயக்கம். கதை நடப்பது ஊட்டியில். நாய்க் கண்காட்சிகளில் ஜெயித்தே பழகிய ஒரு பணக்காரர் (வினய்), தன்னிடம் பிறந்த ஹஸ்கி குட்டிகளில் ஒன்றுக்குக் கண் தெரியவில்லை என்றதும் அதைத் தீர்த்துக்கட்டச் சொல்கிறார். குட்டி தப்பித்து அர்ஜுன் என்கிற பையன் கையில் வந்து சேர்கிறது. பையன் அதற்கு சிம்பா என்று பேர் வைக்கிறான். மீதியை நீங்களே சொல்லிவிடலாம். வீட்டில் எதிர்ப்பு, அப்புறம் பாசம், கண் ஆபரேஷன், போட்டி, வெற்றி.

நான் சாஃப்ட்வேர்காரன். இந்தத் திரைக்கதை எனக்கு எங்கள் ஆபீஸ் டிக்கெட் பலகை மாதிரியே தெரிந்தது. ஒரு பிரச்சினை திறக்கப்படும், யாராவது எடுத்துக்கொள்வார்கள், பத்து நிமிஷத்தில் மூடப்படும். எதுவும் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போகாது. வில்லனின் அடியாட்கள் வழுக்கி விழுவதற்கென்றே சம்பளம் வாங்குகிறார்கள். இதையெல்லாம் முதல் தடவை பார்த்தபோது கிண்டலாக மனசுக்குள் குறித்துக்கொண்டேன். மூன்றாவது தடவைக்கு மேல் கிண்டல் ஓடவில்லை. காரணம் படம் அல்ல, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த என் அப்பா.

எங்கள் ஊர் தாமல். காஞ்சிபுரத்தைத் தாண்டி மேற்கே பெங்களூரு நெடுஞ்சாலையில் போனால் வரும். பெரிய ஏரி, வராகீஸ்வரர் கோயில், நெடுஞ்சாலையில் நிற்காமல் ஓடும் லாரிகள். அப்பா பட்டு நெய்கிறவர். வீட்டுக் கூடத்தில் பாதியைத் தறி எடுத்துக்கொண்டது போக மிச்சத்தில்தான் நாங்கள் வளர்ந்தோம். அந்த வருஷம் மே மாத விடுமுறைக்குப் பெண்ணை ஊரில் கொண்டுபோய் விட்டிருந்தேன். வாரக்கடைசியில் நானும் போவேன். மத்தியானம் வெயில் ஆளைக் கொல்லும். கூடத்துச் சிமெண்டுத் தரையில் படுத்துக்கொண்டு தாத்தாவும் பேத்தியும் 'ஓ மை டாக்' பார்ப்பார்கள். பார்ப்பார்கள் என்றா சொன்னேன்? பேத்தி பார்ப்பாள், தாத்தா கேட்பார். அவருடைய இரண்டு கண்ணிலும் புரை.

"இப்ப இன்னா பண்ணுது நாய்?"

"மோந்து பாக்குது தாத்தா."

"ஊட்டிலதான? அங்க குளுருமே, போத்திக்கினு கெடக்குதா?"

"நாய்க்கே முடி இருக்கு தாத்தா, போர்வை எதுக்கு?"

இந்தப் படத்தில் ஒரு விசேஷம் உண்டு. விஜயகுமார், அருண் விஜய், அர்ணவ் விஜய் என்று நிஜத்திலேயே தாத்தா, அப்பா, பேரனான மூன்று பேர் படத்திலும் அப்படியே வருகிறார்கள். விளம்பரத்துக்காகச் செய்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இருக்கலாம். ஆனால் அந்த மூன்று பேரும் ஒரே பிரேமில் வரும்போது நடிப்பு கொஞ்சம் தளர்ந்து, ஒருத்தரை ஒருத்தர் நிஜமாகவே கவனிக்கிறார்கள். எங்கள் கூடத்திலும் அதே கணக்கில் மூன்று பேர் படுத்திருந்தோம். எங்களுக்குத்தான் யாரும் கேமரா வைக்கவில்லை.

படத்தில் அர்ஜுன் குட்டியை வீட்டுக்குக் கொண்டுவரும் இடத்தில் அப்பா ஒவ்வொரு தடவையும் ஒரே வசனத்தைச் சொல்வார். "தறி இல்லாத வூடு. அதான் சுளுவா உள்ள வுட்டுட்டான்."

நெசவு வீட்டில் பிறந்த பிள்ளைகளுக்கு இது புரியும். சின்ன வயதில் நானும் நாய் கேட்டு அழுதவன்தான். அப்பா திட்டவில்லை, அடிக்கவில்லை. தறிக்குப் பக்கத்தில் என்னை உட்காரவைத்து, பாவில் இருந்த இழைகளைக் காட்டி எண்ணச் சொன்னார். ஆயிரக்கணக்கான இழை. நூறு தாண்டுவதற்குள் கண் கலங்கிவிட்டது. ஒரு பாவு தீர்ந்து அடுத்ததை ஏற்றும்போது பழைய இழை ஒவ்வொன்றோடும் புது இழையை விரலால் முறுக்கிப் புணைக்க வேண்டும். அதில் ஒரு குட்டி நாய் ஓடிப் புகுந்தால் என்ன ஆகும் என்று என்னையே யோசிக்கச் சொன்னார். பட்டு எங்களுடையதுகூட இல்லை. நூலும் ஜரிகையும் முதலாளி கொடுப்பது, எங்களுக்குக் கூலி மட்டும்தான். குட்டி கடித்துப்போடுவது அடுத்தவர் சொத்து. காலையில் தெருவில் பாவு நீட்டும்போது நாயும் மாடும் வராமல் குச்சியோடு நிற்பதுதான் எங்கள் தெருப் பிள்ளைகளின் முதல் உத்தியோகம். நாயைக் கொஞ்சுகிற வயதில் நாயை விரட்டிப் பழகியவர்கள் நாங்கள்.

அதற்காக நாய் இல்லாமலும் இல்லை. எங்கள் வாசலில் எப்போதும் ஒரு தெருநாய் இருக்கும். ஒன்று போனால் இன்னொன்று வரும். நடைப்படி வரைக்கும் அதன் எல்லை. யாரும் சொல்லிக்கொடுக்காமலே அது படியைத் தாண்டாது. சோறு படியில் வைக்கப்படும், ராத்திரி படியில் படுக்கும். இப்போது இருப்பதற்கு அப்பா வைத்த பேர் கருப்பன். என் பெண் அவனை முதல் தடவை பார்த்ததிலிருந்து ஒரே தகராறு. "தாத்தா, அது பிரவுன் நாய். ஏன் கருப்பன்னு கூப்புடுறீங்க?" அப்பா, "ஒனக்கு இன்னா தெரியும் கண்ணு, வெயில்ல அப்பிடித் தெரியும்" என்பார். அம்மா உள்ளே இருந்து சிரிப்பாள்.

சிம்பா படியைத் தாண்டிய நாய். அதனால்தான் என் பெண்ணுக்கு அதன்மேல் அவ்வளவு ஆசை என்று நினைக்கிறேன். படம் முடிந்ததும் கோரிக்கை வந்தது. ஹஸ்கிதான் வேண்டும், நீலக் கண்ணோடு.

நாய்ப் படம் வந்தால் அந்த நாய்க்கு கிராக்கி ஏறும் என்பது உலகம் முழுக்க நடப்பதுதான். ஸ்டெபானோ கிர்லாண்டாவும் இரண்டு ஆய்வாளர்களும் 2014-இல் வெளியிட்ட ஒரு ஆய்வு, அமெரிக்காவில் வந்த நாய்ப் படங்களையும் அங்கே நாய்கள் பதிவான எண்ணிக்கையையும் ஒப்பிட்டது. சில படங்களின் பாதிப்பு பத்து வருஷம்வரை நீடித்திருக்கிறது. நமக்கு ஆய்வே வேண்டாம். ஹட்ச் விளம்பரத்தில் சின்னப் பையன் பின்னாலேயே ஓடிய பக் நாயை நினைவிருக்கும். அதற்குப் பிறகு மூச்சுவிடத் திணறும் எத்தனை பக் நாய்களை நம் அபார்ட்மெண்ட் லிஃப்டுகளில் பார்த்தோம். ஹஸ்கியின் கதையும் அதுதான். சைபீரியப் பனியில் வண்டி இழுக்கப் பிறந்த உடம்புக்கு இரட்டை அடுக்கு முடி. ஊட்டியில் எப்படியோ சமாளிக்கும். தாமல் மே மாதத்தில்? 2024-இல் தமிழ்நாடு அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கையில், நம் வெயிலுக்கு ஒத்துவராத இனங்களின் வரிசையில் ஹஸ்கியும் இருந்தது. அந்தப் படத்தில் எனக்கு உண்மையாகவே கோபம் வரும் இடம் இதுதான். ராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை, கன்னி என்று இத்தனை இருக்கும் ஊரில் ஒரு பையன் தூக்கிக்கொண்டு ஓட வெளிநாட்டுக் குட்டிதான் கிடைத்ததா?

கோபத்தை அப்படியே வைத்துக்கொள்ளவும் முடியவில்லை. கதையின் முடிச்சு பொய் அல்ல. ஹஸ்கிகளுக்குப் பரம்பரையாக இளம் வயதிலேயே கண்புரை வருவது கால்நடை மருத்துவர்களுக்குத் தெரிந்த விஷயம். நம் ராஜபாளையம் மட்டும் ஒழுங்கா? பால் வெள்ளையும் ரோஸ் மூக்கும் வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்த்ததில் காது கேட்காத குட்டிகள் பிறப்பது வழக்கமாகிப்போனது. அழகுக்காக நாம் வளர்த்த குறையை நாமே 'வேஸ்ட்' என்று கழிப்பது. வினயின் பாத்திரம் கோமாளி வில்லன்தான், ஆனால் அவர் செய்வது தொழிலில் நடப்பதுதான். தரம் குறைந்தால் தள்ளிவிடு.

தள்ளிவிடு என்ற சொல்லில் நான் கொஞ்சம் நின்றேன். அந்த மார்ச் மாதம் அப்பா நெய்த புடவை ஒன்று திரும்பி வந்திருந்தது. உடம்பு எம்.எஸ். ப்ளூ. எம்.எஸ். சுப்புலட்சுமிக்காகக் காஞ்சியில் உருவாகி அவர் பேராலேயே நிலைத்துவிட்ட நீலம். பாதிப் புடவைக்கு மேல் ஊடை நூல் வேறு நீலமாக மாறியிருந்தது. கண்டு மாறிப்போனது அப்பாவுக்குத் தெரியவில்லை. கோர்வைப் புடவைக்குக் கரை வேறு, உடம்பு வேறு. மூன்று நாடா ஓடும், பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். அம்மாதான் அந்த ஆள். ஆனால் அன்றைக்கு அம்மா ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள், உடன் உட்கார்ந்தது பக்கத்து வீட்டுப் பையன். அவனுக்கு நீலம் என்றால் நீலம். கூலி பிடித்தமானது. அதைவிட, முதலாளி பதமாகச் சொன்ன ஒரு வார்த்தை அப்பாவுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. "இனிமே ஒரே கலர்ல சாதாப் பொடவை போடுங்களேன் மேஸ்திரி." நாற்பது வருஷம் கோர்வை நெய்தவரிடம்.

ஆபரேஷன் பண்ணிக்கொள்ளச் சொல்லி நாங்கள் இரண்டு வருஷமாகக் கெஞ்சிக்கொண்டிருந்தோம். அப்பாவிடம் அதற்கு ஒரு காலண்டர் இருந்தது. சித்திரை, வைகாசி வெயில், புண் ஆறாது. ஆனியில் முகூர்த்தம், தறி நிற்கக் கூடாது. ஆடியில் கத்தி வைக்கக் கூடாது. ஆவணி மறுபடி முகூர்த்தம். புரட்டாசி சாமி மாசம். ஐப்பசி, கார்த்திகை மழை, ஏரி நிறைந்தால் பஸ் வராது. மார்கழிப் பனி கண்ணுக்கு ஆகாது. தையில் பொங்கல். மாசி, பங்குனி வந்தால், "வெயில் வந்துட்ச்சே." எங்கள் ஆபீஸில் வேலை தள்ளிப்போட இவ்வளவு நேர்த்தியான திட்டத்தை நான் கண்டதே இல்லை. அடியில் இருந்தது பயம்தான். அவருடைய அப்பா காலத்தில் கண் ஆபரேஷன் என்றால் நாள்கணக்கில் அசையாமல் படுத்து, அப்புறம் சோடாபுட்டிக் கண்ணாடி. அந்தச் சித்திரத்திலேயே நின்றுவிட்டார்.

இதற்கு நடுவில் எவ்வளவோ நடந்துவிட்டது. 1976-இல் மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 1992-இல் அவர்களே ஆரோலேப் வைத்து, கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸை வெளிநாட்டு விலையில் ஒரு சின்னப் பங்குக்குச் செய்ய ஆரம்பித்தார்கள். புரை என்பது இப்போது காலையில் போய் சாயங்காலம் வீடு திரும்பும் சமாச்சாரம். இதையெல்லாம் விளக்கிச் சொல்லியிருக்கிறேன், யூடியூப் வீடியோ காட்டியிருக்கிறேன். தெரியாத கண்ணுக்கு வீடியோ காட்டிய அறிவாளி நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

வேலை செய்தது என் பெண் சொன்னதுதான். ஐந்தாவது தடவையோ ஆறாவதோ, சிம்பாவுக்குக் கண் வந்த இடம். அவள் ரிமோட்டால் நிறுத்தினாள். "தாத்தா, சிம்பாவே பண்ணிக்கிச்சு. அது குட்டிப் பாப்பா. நீங்க ஏன் பண்ணிக்கல?"

அப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு ரொம்ப சீரியஸாக என்னைக் கேட்டார். "நாய்க்கு நெசமாவே பண்ணுவாங்களா, இல்ல சினிமாவா?"

பண்ணுவார்கள் என்றேன். சென்னை வேப்பேரியில் 1903-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருப்பதையும், அங்கே நாய்களுக்குப் புரை எடுப்பதையும் சொன்னேன். "நாய் கண்ணக் கசக்காம இருக்க கழுத்துல பனல் மாட்டுவாங்க" என்றதும் அப்பா சிரித்தார். அந்தச் சிரிப்பில் ஏதோ இளகியது. பனல் மாட்டிய நாயே தாங்குகிறது என்றால்.

விமர்சனமாகச் சொன்னால், படத்தின் பலவீனமும் இதே ஆபரேஷன்தான். கண் தெரியாத குட்டியோடு அர்ஜுன் பழகும் முதல் பகுதி நன்றாக இருக்கிறது. நாய்க்கு உலகம் மூக்கில் இருக்கிறது, கண் போனாலும் வீட்டுக்குள் அது ஓரளவு நடமாடிக்கொள்ளும். அப்படியே ஒரு குருட்டு நாயை நேசிக்கும் பையனின் கதையாக விட்டிருக்கலாம். படத்துக்கு அந்தத் தைரியம் இல்லை. கண்ணைக் கொடுத்து, போட்டியில் ஓடவிட்டு, கோப்பையும் வாங்கிக் கொடுத்தால்தான் அந்தக் குட்டிக்கு உயிர் வாழும் தகுதி நிரூபணமாகிறது. வில்லன் வைத்த பரீட்சையிலேயே ஹீரோவும் பாஸ் பண்ணிக் காட்டுகிறான். இதே 2022 ஜூனில் வந்த கன்னடப் படம் '777 சார்லி' எதிர்ப்பக்கம் போய், நோய்ப்பட்ட நாயோடு கடைசிவரை நடக்கிறது. அதை என் பெண்ணுக்குக் காட்டவில்லை. 'பரியேறும் பெருமாள்' கருப்பியை இன்னும் பத்து வருஷத்துக்குக் காட்டுவதாக இல்லை. ஊட்டியில் ஒரு நாய்க்கு ஆபரேஷன் நடக்கும் அதே தமிழ் சினிமாவில் புளியங்குளத்து நாயைத் தண்டவாளத்தில் கட்டுகிறார்கள். நாய்க்கும் ஊர், தெரு எல்லாம் இருக்கிறது என்பதை அவளே ஒருநாள் தெரிந்துகொள்வாள்.

ஆனாலும் இந்தப் படம் தைரியமாக இருந்திருந்தால் எங்கள் அப்பா ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க மாட்டார். கலை நோக்கில் குறையாக நான் எழுதிவைத்த அதே காட்சிதான் அவரை எழுப்பியது. இதை எந்தக் கோட்பாட்டில் வைப்பது என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.

ஆவணியில், முகூர்த்தம் இருந்தும், தறியை ஐந்து நாள் நிறுத்தினார். முதலில் வலது கண். போகும் வழியெல்லாம் கார் பின்சீட்டில் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவள் தைரியம் சொல்வதற்காக, மகேந்திரவர்மன் காலத்து நடுகல் பற்றி நான் எப்போதோ சொன்ன கதையைத் தாத்தாவுக்குச் சொல்லிக்கொண்டு வந்தாள். காஞ்சியில் பல்லவர்கள் ஆண்ட காலத்தில், செங்கம் பக்கத்து எடுத்தனூரில் கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு ஒரு கல் நட்டார்கள். அதில் அவனோடு ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. பேர் கோவிவன், இரண்டு கள்ளர்களைக் கடித்தது என்று கல்வெட்டே சொல்கிறது. அவள் சொன்ன கதையில் கள்ளர்கள் பத்துப் பேர் ஆகியிருந்தார்கள், கோவிவனுக்கு நீலக் கண் வந்திருந்தது.

மறுநாள் கட்டுப் பிரித்தார்கள். வீட்டுக்கு வந்ததும் அப்பா நேராகத் தறிக்குப் போனார். உட்காரக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் நின்றபடியே பார்த்தார். திரும்பி வந்த அந்த எம்.எஸ். ப்ளூ புடவையைக் கொண்டுவரச் சொன்னார். வாசல் வெளிச்சத்தில் பிடித்து வலது கண்ணை மூடினார், திறந்தார், இடது கண்ணை மூடினார். இப்படியே ஒரு பத்து நிமிஷம். புரை பழுத்த லென்ஸ் மஞ்சளேறிப்போய் நீலத்தை வடிகட்டிவிடும் என்று நான் படித்திருந்தேன். அதை ஒருத்தர் முகத்தில் பார்ப்பது வேறு. "இந்தக் கண்ணுல ஒரு பொடவை, அந்தக் கண்ணுல ஒரு பொடவை" என்றார். பிறகு நீலம் மாறிய இடத்தில் விரலை வைத்து, யாரும் காட்டாமல், சரியாக அந்த இழையில் வைத்து, கெட்ட வார்த்தை ஒன்று சொன்னார். தன்னைத்தான் சொன்னாரா, பக்கத்து வீட்டுப் பையனையா, தெரியவில்லை. அந்தப் புடவையை இப்போது அம்மா கட்டிக்கொள்கிறாள்.

இடது கண்ணுக்கு மறுபடி காலண்டர் ஆரம்பித்தது. பேத்தி ஒரு பேரம் பேசியிருக்கிறாள். இரண்டாவது கண்ணும் முடிந்தால் ஹஸ்கி கேட்க மாட்டாளாம், கருப்பனை நடைப்படி தாண்டிக் கூடத்து ஓரம் வரை விட வேண்டுமாம். தறி இருக்கிறது, முடியாது என்றார் அப்பா. ஓரம் வரைதானே என்றாள் அவள். பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது.

சாயங்காலம் அப்பா சோற்றுத் தட்டோடு வாசலுக்குப் போனார். குரல் கேட்டு அது வாலை ஆட்டிக்கொண்டு வந்தது. தட்டை வைக்காமலே அதைக் குனிந்து பார்த்தார், முன்னால் ஒரு தடவை, பக்கவாட்டில் ஒரு தடவை.

"டேய், நீ செவலையாடா?"

உள்ளே அம்மா சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்த முடியாமல் உட்கார்ந்துவிட்டாள். என் பெண், "நான்தான் சொன்னேனே, நான்தான் சொன்னேனே" என்று குதித்தாள். பேரை மாற்றலாமா என்று கேட்டேன். அப்பா தட்டைப் படியில் வைத்துவிட்டு, இத்தனை நாள் கருப்பன்னுதானே கூப்பிட்டோம், அதுவும் வந்துதே என்றார். கருப்பன் தின்றுகொண்டிருந்தது.